முகூர்த்தத்துக்கு முன்னால் கொதித்த வண்டி

வண்டி சூடாகி நின்றுவிட்டது என்று யாராவது போன் செய்தால், மெக்கானிக் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் முதலில் என்ன கேட்கிறீர்கள்? "தண்ணி இருக்கா பாருங்க" என்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்பேன். தப்பே இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று பதில் வந்ததுமே, "அப்ப ரேடியேட்டர் ஒழுகுது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறீர்களே, அங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். ஏனென்றால் அதே தீர்ப்பை நானும் ஒருமுறை எழுதி, என் கல்யாணத்தையே நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். என் மனைவி அறுபது வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கடலூர் செம்மண்டலத்தில் சொந்தமாக ஒரு சின்ன ஷெட் இருந்தது. நாலு கீற்றும் ஒரு வேப்பமரமும்தான் கூரை. தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை யாரைவிடவும் நான்தான் அதிகம் நம்பினேன். பெண் சிதம்பரத்தில் பார்த்தார்கள். பெயர் தனலட்சுமி, வீட்டில் தனம். அப்பா இல்லாத பெண். வளர்த்தவர் பெரியப்பா. நெல் விவசாயம் செய்கிற மனிதர், வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாது.

பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜித் தட்டை நோக்கிக் கையை நீட்டினேன். பெரியப்பா என் நகக்கண்ணைப் பார்த்துவிட்டார். பத்து விரலிலும் கரி. கழுவித்தான் போயிருந்தேன், ஆனால் மெக்கானிக் கை எப்போது முழுதாக வெளுத்திருக்கிறது?

"தம்பி, தொழில நான் குத்தம் சொல்லல. ஆனா நாந்தான் இவள தார வாத்துக் குடுக்கணும். முகூர்த்தத்தன்னிக்கி கையில ஒரு சொட்டுக் கரி இருந்துச்சின்னா, நான் மணையிலேர்ந்து எழுந்து போயிடுவேன். அப்புறம் யாரு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்றார்.

அவர் எழுந்து போனால் பெண்ணை என் கையில் பிடித்துக் கொடுக்க வேறு ஆள் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்ற தனத்தை நான் ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அந்த ஒரு முறையிலேயே எனக்குத் தலை கால் புரியாமல் போயிருந்தது. "ஒரு சொட்டு இருக்காது மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் நான் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. மண்ணெண்ணெய், மரத்தூள், சீயக்காய், எலுமிச்சைத் தோல், தேங்காய் நார் எல்லாவற்றையும் போட்டுக் கையைத் தேய்த்தேன். ஷெட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, வாயால் மட்டும் வேலை வாங்கினேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பார்த்தால் உள்ளங்கை வாழைத்தண்டு மாதிரி இருந்தது. எனக்கே அது யார் கை என்று சந்தேகம் வந்தது.

அந்த முந்தின நாள் கரிநாள். மாப்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் மற்ற உறவெல்லாம் முதல் நாளே பஸ்ஸில் போய்விட, நான் மட்டும் கல்யாணத்தன்று காலையில் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. கார், எங்கள் ஊர் மல்லாட்டை மண்டி முதலாளியுடையது. நிலக்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. அதை ஓடவைத்துக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதால், "எடுத்துக்கினு போய்யா" என்று சும்மாவே கொடுத்தார்.

வண்டியில் நாலே பேர். ஓட்டியவர் காசி, முதலாளியின் டிரைவர். பக்கத்தில் என் அக்கா வீட்டுக்காரர். மச்சான் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். அன்றைக்கென்று தைத்த பளபள வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பின்னால் அக்காவும் நானும், எங்கள் மடியிலும் காலடியிலும் சீர்வரிசைத் தட்டுகள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சூடு காட்டும் முள் மெதுவாக ஏறியது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். இன்னும் ரெண்டு மைலில் முள் கோடியைத் தொட்டது, பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. காசி ஓரம் கட்டினார்.

"யாரு ரிப்பேர் பண்ண வண்டி மாப்ள இது?" என்று மச்சான் கேட்டார்.

"இறங்கிப் பாருங்க மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நானும் இறங்கினேன். கையைப் பட்டு ஜிப்பாவுக்குள் இழுத்துக்கொண்டு, குனிந்து பார்த்தேன். வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ரேடியேட்டர் ஓட்டை! போன மாதம் நான் ஈயம் வைத்து அடைத்த இடம் விட்டுப்போயிருக்கும். தண்ணீர் ஒழுகுகிறது, அதனால் வண்டி கொதிக்கிறது. அரை நிமிஷத்தில் தீர்ப்பு.

சூட்டோடு மூடியைத் திறக்கப் போன மச்சானைக் கத்தி நிறுத்தினேன். பத்து நிமிஷம் விட்டு, ஈரத் துண்டைச் சுற்றித் திறந்தோம். காசி சீர்க்குடத்தை எடுத்துப் போய் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்தார். ரேடியேட்டரில் சின்ன ஓட்டை என்றால் அந்தக் காலத்தில் மஞ்சள் தூளைக் கொட்டுவோம். தூள் ஊறிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். கல்யாண வண்டியில் மஞ்சளுக்கா பஞ்சம்? சீர்த்தட்டிலிருந்து அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். இஞ்சினை ஓடவிட்டு, மச்சான் அத்தனையையும் உள்ளே தட்டினார். தட்டிவிட்டு, போச்சா என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

உள்ளே அடைபட்டிருந்த காற்று கிளம்பியது. குபுக்கென்று ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் அவர் நெற்றியிலிருந்து இடுப்பு வரை விழுந்தது. நல்லவேளை, புதுத் தண்ணீர் என்பதால் வெதுவெதுப்புதான். அவர் கண்ணைத் திறந்தபோது புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மொறைப்பொண்ணு ஊத்த வேண்டிய மஞ்சத்தண்ணிய வண்டி ஊத்திடுச்சிடி" என்றார் அக்காவிடம். அக்கா தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வண்டி சரியாகிவிட்டது என்ற தைரியத்தில் சிரித்த சிரிப்பு அது.

புதுச்சத்திரம் தாண்டி, புவனகிரிக்கு முன்னால் மறுபடி கொதித்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மணி எட்டேகால். சுற்றி நடவு முடிந்த வயல், ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. அக்கா வாய்க்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட ஆரம்பித்தாள். மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தனத்தை நினைத்தேன். எனக்கு அழுகையே வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மைல் கல்லின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கை சும்மா இருந்ததால்தான் நான் அன்று யோசித்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். வேறு நாளாக இருந்தால் இதற்குள் பாதி வண்டியைக் கழற்றிப் போட்டிருப்பேன். அன்று கண்ணும் மூக்கும் காதும்தான் எனக்கு மிச்சம். அதனால் மறுபடி குனிந்து, சொட்டுகிற தண்ணீரை இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். அது ரேடியேட்டரின் அடியிலிருந்து வரவே இல்லை. பக்கவாட்டில் இறங்கும் சின்னக் குழாயிலிருந்து வந்தது. கொதித்துப் பொங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கென்றே வைத்த குழாய் அது. ஒழுகினதால் கொதிக்கவில்லை. கொதித்ததால்தான் ஒழுகியது. நான் ஈயம் வைத்த இடம் சருகாகக் காய்ந்து கிடந்தது. பாவம், அதைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

அப்படியானால் ஏன் கொதிக்கிறது?

"காசி அண்ணே, போன வாரம் முதலாளிய சிதம்பரம் கூட்டிக்கினு போனீங்களே, அப்ப முள்ளு ஏறிச்சா?"

"அசையல. அஞ்சி ஆளு, மேல ரெண்டு மூட்ட வேற. இன்னிய விட லோடு ஜாஸ்தி."

"பெல்ட்டு நல்லா இருக்கா? ஃபேன் சுத்துதா?"

"சுத்துது. நானே பாத்தேன்."

"அப்ப அன்னிக்கும் இன்னிக்கும் வண்டியில என்னாதான் வித்தியாசம்?"

காசி தலையைச் சொறிந்தார். "அன்னிக்கி இது மாப்ள வண்டி இல்ல" என்றார்.

கடுப்பில் சொன்னாரா, நிஜமாகவே யோசித்துச் சொன்னாரா தெரியாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்பிள்ளை வண்டி என்றால் என்ன கூடுதல்? எழுந்து வண்டியின் முகத்துக்கு எதிரே போய் நின்றேன்.

முகம் எங்கே தெரிந்தது? முழுக்கப் பூ. சாமந்தியும் மரிக்கொழுந்தும் நெருக்கிக் கட்டி, பின்னால் கோணிச் சாக்கு வைத்துத் தைத்த ஒரு பூப்படுதா, ரேடியேட்டருக்கு முன்னால் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் இறுக்கிக் கட்டியிருந்தது. ஓரத்துப் பூவெல்லாம் காலையில் பறித்த மாதிரியே இருந்தது. நடுவில் இருந்த பூ மட்டும் வெந்து, பழுப்பாகித் தலை தொங்கியிருந்தது. கிட்டே போனதும் அவித்த கீரை வாசனை வந்தது. ரேடியேட்டருக்குள் காற்று போனால்தானே தண்ணீர் ஆறும்? வண்டியின் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டு, ஏன் மூச்சு முட்டுகிறது என்று மஞ்சள் தூள் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"எவன்யா கட்டுனது இத?" என்று மச்சான் கத்தினார்.

"பூக்காரர்தான்" என்றேன்.

"கோணியெல்லாம் வெச்சி இப்பிடி தைக்கச் சொன்னது எவன்?"

நான் வெந்த பூ ஒன்றைக் கிள்ளினேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம், நான்தான். ஒரு மாட்டு வண்டியில் மோதி அந்தக் காரின் முன் கம்பிகள் நசுங்கி, ரெண்டு கம்பி போயே போய்விட்டிருந்தது. ஓட்டை வண்டியில் மாப்பிள்ளை வந்தான் என்று பெரியப்பா நினைத்துவிடுவாரே என்று, வெளியே ஒரு கம்பியும் தெரியக் கூடாது, நெருக்கிக் கட்டு என்று பூக்காரர் பக்கத்திலேயே நின்று கட்டவைத்தேன். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் சூடு ஏறினால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்பேர்ப்பட்ட ஆள்!

மச்சான் மஞ்சள் சட்டையோடு ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அக்காவும், அக்காவைப் பார்த்துக் காசியும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் கடைசியில் சேர்ந்துகொண்டேன்.

படுதாவை அறுத்து மேலே கட்டினோம். தண்ணீர் நிரப்பிக் கிளப்பியதும் முள் இறங்கியது. எனக்குப் பறப்பது போல இருந்தது. பறந்தது சரியாக அரை பர்லாங். உஸ்ஸென்று சத்தம். ரெண்டு தடவை கொதித்ததில் ரேடியேட்டருக்கு மேலே போகும் ரப்பர் ஹோஸ், கிளிப் பிடிக்கிற இடத்தில் கிழிந்திருந்தது. இது நிஜமான ஒழுகல்.

கிழிந்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகிக் கிளிப்பை இறுக்க வேண்டும். நான் வாயால் சொல்ல, காசி செய்தார். அவர் அருமையாக ஓட்டுவார், ஆனால் ஸ்குரு டிரைவரைப் பிடித்தால் கோலம் போடுகிற மாதிரி பிடிப்பார். வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் திருகினார். மச்சான் கை ஃபேனுக்குப் பின்னால் நுழையவே இல்லை. கிளிப்பின் ஸ்குரு புல்லில் விழுந்து, அதைத் தேடி எடுக்கவே பத்து நிமிஷம். மணி ஒன்பது அடித்துவிட்டது.

நான் ஜிப்பாக் கையை மடித்தேன்.

"வேணாண்டா" என்று அக்கா குறுக்கே வந்தாள். "அவுரு எழுந்து போயிடுவாருடா."

"போய்ச் சேந்தாத்தானக்கா அவுரு எழுந்து போவாரு?"

சீர்த்தட்டில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து ஹோஸ் நுனியை நறுக்கினேன். உள்ளே கையை விட்டேன். சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் கையில் ஒட்டியபோது, ஐயோ, என்ன சந்தோஷம்! பதினைந்து நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு கிடைத்த மாதிரி. ஆறே நிமிஷம். முழங்கை வரைக்கும் கரி, ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். "கைய நீட்டு. கெட்டியாப் பூசிட்டா ஒண்ணும் தெரியாது. மாப்ளைக்கி சந்தனம் பூசறது வழக்கந்தான்."

நல்ல யோசனைதான். நேற்றாக இருந்தால் நானே கேட்டிருப்பேன். "ஒண்ணு வெளிய தெரியக் கூடாதுன்னு மூடப் போயிதான்க்கா இந்தக் கதி. இதையும் மூட வேணாம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சிதம்பரம் கோபுரம் தெரிந்ததும் அந்தச் சந்தனக் கிண்ணத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

பந்தல் வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். மணி பத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மேளக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் ஊத ஆரம்பித்தார்கள். நான் நேரே அவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

"கறுப்பாதான் இருக்கு மாமா. வண்டி வழியில சூடாயிடுச்சி. பழைய வண்டின்னு நீங்க பாத்துடக் கூடாதுன்னு, அது மூஞ்சிய மறச்சிப் பூப்படுதா கட்டச் சொன்னது நாந்தான். அதாலதான் கொதிச்சிது. கை வெக்காம வர முடியல."

அவர் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மஞ்சள் குளித்து நின்ற மச்சானைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு வெளியே நடந்தார். மேளம் பாதியில் நின்றது. பெண் வீட்டுப் பொம்பளைகள் "ஐயையோ" என்றார்கள். ஐயர் அரைமணிதான் பாக்கி என்று பொதுவாக அறிவித்தார். உள்ளே மணையில் தனம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது தூரத்தில் தெரிந்தது. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு வருஷம். அப்புறம் பெரியப்பா திரும்பி வந்தார். ஒரு கையில், நடுவில் பூ வெந்துபோன அந்தக் கோணிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டிரைவரு கிட்ட பானெட்டத் தொறக்கச் சொல்லிப் பாத்தேன்" என்றார். "கோணி வேற வெச்சித் தெச்சிருக்கியேய்யா! வண்டி எப்பிடி மூச்சு வுடும்? ஏன்யா, பழைய வண்டியில வந்தா நான் பொண்ணு குடுக்க மாட்டேன்னு எவன் சொன்னான்?"

"கை கறுப்பா இருந்தா மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க மாமா" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

பந்தலே சிரித்தது. அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார். பானெட்டுக்குள் அந்த ஹோஸைத் தொட்டு, கிளிப்பைத் தொட்டு, நான் சொன்னது நிஜமா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்திருக்கிறார். பத்து விரலிலும் கரி. பளீரென்ற வேட்டியில் நீளமாக ஒரு கோடு. துடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, துடைக்கவில்லை.

"ஐயரே, நேரம் ஆவுதில்ல?" என்று சொல்லிவிட்டு மணையில் போய் உட்கார்ந்தார்.

தன் கறுத்த கையால் தனத்தின் கையை எடுத்து என் கறுத்த கையில் வைத்தார். தாரை வார்த்த தண்ணீர் எங்கள் மூன்று பேர் விரல் வழியாகவும் இறங்கித் தாம்பாளத்தில் சாம்பல் நிறத்தில் விழுந்தது. ஐயர் மந்திரத்தை ஒரு நொடி நிறுத்தி அதைப் பார்த்தார். தனத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து திரும்பினால், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தாலி கட்டக் குனிந்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதல் முடிச்சு போடுவதற்குள் அவள் கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கரி ஒட்டிவிட்டது. அக்கா பதறிப்போய் முந்தானையோடு துடைக்க வந்தாள்.

பெரியப்பா கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"இருக்கட்டும், வுடும்மா" என்றார்.